தேதியில்லாத முத்திரை

எங்கள் ஆபீசில் அவரை எல்லாரும் முத்திரை என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. நாங்கள் செய்யும் மென்பொருளுக்குக் கடைசியாகக் கையொப்பம் போட்டு வெளியே அனுப்புவது அவர் வேலை, அதனால் அந்தப் பெயர். எனக்கு ஹலோ மேடம். வாடிக்கையாளர்களின் போனை எடுப்பவள் நான். ஆறு பேர், இரண்டு அறை, கீழே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை, எந்நேரமும் யாராவது நின்று போனில் சண்டை போடும் ஒரு மாடிப்படி. அவ்வளவுதான் எங்கள் கம்பெனி.

நாங்கள் செய்தது ஒரே ஒரு மென்பொருள். பேச முடியாதவர்களுக்காக அது பேசும். பக்கவாதம் வந்தவர்கள், தொண்டையில் ஆபரேஷன் ஆனவர்கள், நரம்பு நோயில் நாக்கு எழாமல் போனவர்கள், திரையில் இருக்கும் கட்டத்தை விரலாலோ கண்ணாலோ தேர்ந்தெடுத்தால் கணினி அதை வாய்விட்டுச் சொல்லும். தண்ணி வேணும், முதுகு வலிக்குது, அந்த டிவியை முதல்ல நிறுத்து. ஒரு பெரியவர் அதை வைத்தே எனக்குப் போன் செய்து, உங்கள் மென்பொருள் என் பெண்டாட்டியைவிட மெதுவாகப் பேசுகிறது, ஆனால் பேச விடுகிறது என்று பாராட்டினார்.

வெளியாட்களுக்குத் தெரியாத தொல்லை ஒன்று இந்த வேலையில் உண்டு. மென்பொருளை எழுதி முடித்தால் பாதி வேலைகூட முடிந்ததாகாது. அது அடுத்தவர் கணினியில் போய்த் திறக்க வேண்டும். விண்டோஸ் கணினி, இது யார் செய்தது, எனக்குத் தெரியாத ஆளாச்சே என்று வாசலிலேயே நிறுத்தும். மேக் கணினிக்கு என்றால், அதைச் செய்த கம்பெனிக்கே முதலில் ஒரு பிரதி அனுப்பி, சரி என்ற பதிலை வாங்க வேண்டும். லினக்ஸ் ஒன்றும் கேட்காது, ஆனால் ஆளுக்கொரு லினக்ஸ் வைத்திருப்பார்கள், ஒன்றில் திறப்பது மற்றதில் திறக்காது. மூன்று மாமியாருக்கு ஒரே மருமகளாக வாழ்க்கைப்பட்ட மாதிரி இருக்கிறது என்பார் முத்திரை.

இதற்காகத்தான் கையொப்பம். எங்கள் கம்பெனி நிஜமான கம்பெனிதான் என்று ஒரு சான்றிதழ் அலுவலகம் விசாரித்துப் பார்த்து, ஒரு வருஷத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும். அதோடு வரும் ரகசியச் சாவி, பென் டிரைவ் மாதிரி ஒரு துண்டில் இருக்கும். அதைச் செருகிக் கையொப்பம் போட்டால்தான் மென்பொருளை விண்டோஸ் நம்பும். சான்றிதழ் ஒரு வருஷத்தில் முடிந்துபோகும், ஆனால் போட்ட கையொப்பம் அதோடு சாகாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. போடும்போதே வெளியில் இருக்கும் ஒரு நேரச் சேவையைக் கேட்டு, இன்ன நாளில் இன்ன மணிக்குப் போட்டது என்று ஒரு தேதி முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அது இருந்தால், சான்றிதழ் உயிரோடு இருந்தபோது போட்டதுதான் என்று கணினி பிற்பாடும் ஒப்புக்கொள்ளும். இல்லையென்றால் சான்றிதழ் முடிகிற நிமிஷத்தில் கையொப்பமும் முடிந்தது. அந்தத் தேதியை வாங்குவதற்கு, கணினிக்கு எழுதிக்கொடுக்கும் வேலைப் பட்டியலில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

முத்திரைக்கு அப்போது நாற்பத்தொரு வயது. தனி ஆள். அந்தச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார், குளிக்கும்போது மட்டும் கழற்றுவார். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுத்துப் பார்க்கிற ரகம். நாங்கள் கிண்டல் செய்தால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அப்படிப்பட்டவர் கோட்டைவிட்டார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை.

அவருக்கு உறவென்று இருந்தது ஒரு அக்கா. ஒன்பது வயது மூத்தவர், கணக்கு டீச்சர், நான்கு மணி நேரப் பஸ் பயண தூரத்தில் இன்னொரு ஊர். அக்கா புருஷன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிக்கிறவர். சாதுவான மனிதர், அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அக்காவின் குரல் மூன்று வகுப்பறை தாண்டிக் கேட்குமாம். அந்தக் குரலைத்தான் நரம்பு நோய் முதலில் தொட்டது. வார்த்தை குழறத் தொடங்கியதுமே முத்திரை லீவு போட்டுவிட்டுப் போனார். ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க விறுவிறுக்க இரண்டு பேரும் உட்கார்ந்து அறுநூறு வாக்கியங்களை அக்கா குரலிலேயே பதிவு செய்தார்கள். கணினியின் பொதுக் குரல் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. யாரோ ஆபீசர் என் வயிற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கிறது என்றாராம்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஆபீஸ் போன் அடிக்கும். எடுத்தால் எனக்கும் கேட்கும், அக்காவின் பழைய கணீர்க் குரல். "டேய்." எப்போதும் அதுதான் முதல். பிறகு "சாப்பிட்டியா". பிறகு "பொய் சொல்லாதே". அறுநூறு வாக்கியம் பதிந்தும் இந்த மூன்றைத்தான் அதிகம் அழுத்துவார் என்று முத்திரை குறைப்பட்டுக்கொள்வார், முகமெல்லாம் பல்லாக.

கையும் விழுந்து, அக்காவை நாள்பட்ட நோயாளிகளுக்கான ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கட்டிலோடு இரும்புக் கையில் பொருத்திய ஒரு கணினியை அங்கேயே கொடுத்தார்கள். கண் அசைவைப் பார்க்கும் கேமராவும் உண்டு. ஆனால் சரியான கையொப்பம் இல்லாத எதையும் அந்த ஆஸ்பத்திரிக் கணினிகள் திறக்கவே திறக்காது, அது அவர்கள் கட்டுப்பாடு. கண்ணால் இயக்கும் வசதியை எங்கள் மென்பொருளில் முத்திரை அவசர அவசரமாகச் சேர்த்தார். கையொப்பம் போட உட்கார்ந்த அன்று பார்த்து, அந்த நேரச் சேவை பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிஷம் ஓடி, தேதி கேட்கும் இடத்தில் போய் நின்றுவிடும். மூன்று தடவை ஓட்டினார். இடையிடையே அக்கா புருஷன் போன். இவளால் யாரையும் கூப்பிட முடியவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டே அழுகிறாள் என்று. நான்காம் தடவை, தேதி வாங்கும் வரிக்கு முன்னால் முத்திரை ஒரு குறி போட்டார். அந்தக் குறி போட்டால் கணினி அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. வந்து எடுத்துவிடுகிறேன் என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

வந்தபோது அக்கா பேசிய சந்தோஷத்தில் இருந்தார். அந்தக் குறியை எடுக்க மறந்துபோனார். அதன் பிறகு நாங்கள் வெளியிட்ட ஒவ்வொரு விண்டோஸ் பதிப்பும் தேதி இல்லாமல்தான் போனது. சான்றிதழ் உயிரோடு இருந்ததால் எந்தக் கணினியும் முணுமுணுக்கவில்லை.

சான்றிதழ் முடியும் நாள் வருகிறது, புதுப்பிக்க வேண்டாமா என்று முதலாளி கேட்கத்தான் செய்தார். அடுத்த பதிப்பு அடுத்த மாதம்தானே, அப்போது வாங்கிக்கொள்ளலாம், பழசெல்லாம் தேதி முத்திரையோடு இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று முத்திரை அடித்துச் சொன்னார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

சான்றிதழ் முடிந்த மறுநாள், ஒரு வியாழக்கிழமை காலை எட்டரைக்குப் போன் அடிக்க ஆரம்பித்தது. வைக்க வைக்க அடித்தது. வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு, தெரியாத ஆள் செய்த மென்பொருள் என்ற எச்சரிக்கை. பயப்படாதீங்க, அந்தப் பெட்டியில சின்ன எழுத்துல ஒண்ணு இருக்கும், அதை அழுத்துங்க என்று வழி சொன்னேன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, இல்லங்களில் அந்த வழியும் அடைத்திருந்தது. திறக்கவே இல்லை. மேக் வைத்திருந்தவர்கள் யாரும் கூப்பிடவில்லை, தேதி இல்லாமல் அந்தக் கம்பெனி ஏற்றுக்கொள்ளாது என்பதால் அந்தப் பதிப்பில் அந்த வரி ஒழுங்காக இருந்தது. மத்தியானத்துக்குள் நூற்றிமுப்பது பேர் வாயடைத்துக் கிடந்தார்கள்.

முத்திரை அந்த வேலைப் பட்டியலைத் திறந்தார். அந்தக் குறியைப் பார்த்தார். "நான்தான்," என்றார். ரத்தம் செத்த முகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். உடனே அக்கா புருஷனுக்குப் போன் போட்டார், எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில்.

"மாமா, அக்கா மெஷின் ஓடுதா?"

"ஓடுது. ஏன் கேக்கற?"

"இன்னிக்கு அணைச்சுப் போட்டீங்களா?"

"இல்லையே. ரெண்டு நாளா திறந்தபடியேதான் இருக்கு."

முத்திரைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கையொப்பத்தைக் கணினி சரிபார்ப்பது திறக்கும்போது மட்டும்தான். ஏற்கெனவே திறந்திருப்பதை ஒன்றும் செய்யாது. அதை அணைக்காதீர்கள், மூடாதீர்கள், யாரையும் கிட்டே விடாதீர்கள் என்று பத்து தடவை சொன்னார். அக்காவைப் பேசச் சொல்லுங்கள் என்றார். தூங்குகிறாள் என்றார் மாமா.

போனை வைத்த பிறகும் மனசு கேட்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். காலையிலிருந்து என் காது கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு அம்மா, பையன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறான், என்ன வேண்டுமென்று தெரியவில்லை என்று என்னிடம் அழுதிருந்தாள். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது.

"உங்க அக்காவுக்குத்தான் ஓடுதுன்னு மாமாவே சொல்லிட்டாரே," என்றேன். "இந்த நூத்திமுப்பது பேருக்கும் ஒரு தம்பி இருக்கானா? இதை முடிச்சுட்டுப் போங்க."

அவர் பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அதைச் சொன்னவள் நான். வேறு யாருமில்லை.

புதுச் சான்றிதழ் சுலபத்தில் வரவில்லை. எங்கள் கம்பெனி நிஜம்தானா என்று அவர்கள் மறுபடி விசாரித்தார்கள். பதிவில் இருக்கும் எண்ணுக்குத்தான் கூப்பிடுவோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அந்த எண் பழைய இடத்தில் இருந்த போன், மாடிக்கு வந்தபோது வெட்டிவிட்டோம். முதலாளி அதை உயிர்ப்பிக்க அலைந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது அடித்தது, முத்திரை எடுத்து கம்பெனி பெயரையும் தன் சொந்தப் பெயரையும் சொன்னார். அதற்குப் பிறகு புதுச் சாவி கூரியரில் வர வேண்டும். சனி, ஞாயிறு கூரியர் இல்லை.

அந்த நாட்களில் ஏழு மணிப் போன் வரவில்லை. இவர் கூப்பிட்டால், டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார், கண்ணுக்குக் களைப்பு என்றார் மாமா. ஓடுதா என்றால், ஓடுது. சனிக்கிழமை மட்டும் அவராகவே ஒன்று சொன்னார்: "இப்பதான் பேசிட்டுத் தூங்கினா. உன்னைச் சாப்பிடச் சொன்னா." முத்திரை சிரித்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார், நான் கொண்டுபோன டப்பாவிலிருந்து. அக்கா குரலைக் கேட்காமல் மூன்று நாளா என்று எனக்காவது உறைத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை பத்தே முக்காலுக்குச் சாவி வந்தது. முத்திரை அந்தக் குறியை அழித்தார். நேரச் சேவை உடனே பதில் சொன்னது. கையொப்பத்தின் கீழே தேதியும் மணியும் வந்ததை என்னையும் கூப்பிட்டுக் காட்டினார், நான்காவது தடவை பூட்டை இழுத்துப் பார்க்கிற மனுஷனாயிற்றே. புதிய பதிப்பு எல்லாருக்கும் போயிற்று. ஒரு பிரதியைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அவர் பஸ் ஏறினார். நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இப்போது திறந்து பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் பையன் போனிலேயே "நன்றி" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

இனி நான் எழுதுவது அவரும் மாமாவும் பிறகு துண்டு துண்டாகச் சொன்னது.

நாலு மணிக்கு அவர் வார்டுக்குள் போனார். மாமா வராந்தாவிலேயே எழுந்து நின்றார், ஆனால் எதிரே வரவில்லை. அக்காவுக்குக் காலையில் மூச்சுத் திணறி நினைவு தப்பியிருந்தது. இனி திரும்பாது என்று ஒரு மணிக்குத்தான் டாக்டர் சொன்னாராம். இவர் பஸ்ஸில் இருப்பது தெரிந்து, வழியில் எதற்கென்று மாமா சொல்லவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் கணினி அணைந்திருந்தது. வியாழக்கிழமை விடியற்காலையில் ஆஸ்பத்திரியே எல்லாக் கணினிகளையும் ஒரு தடவை அணைத்துப் போட்டதாம். அப்போதிலிருந்து எங்கள் மென்பொருள் திறக்கவில்லை. முத்திரை முதல் தடவை போன் செய்து ஓடுதா என்று கேட்டபோதே அது ஓடவில்லை.

"ஏன் மாமா?" என்று மட்டும் கேட்டாராம். மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

கணினி திறக்காததால் நர்ஸ் ஒரு எழுத்து அட்டையைக் கொண்டுவந்திருக்கிறாள். அவள் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும், சரியான எழுத்து வந்ததும் அக்கா கண்ணை மேலே தூக்குவார். வியாழக்கிழமை காலையில் முக்கால் மணி நேரம் பாடுபட்டு அப்படி அவர் சொன்னது, நர்ஸின் கையெழுத்தில் அந்தக் காகிதத்தில் இருந்தது. "தம்பிகிட்ட சொல்லாதீங்க. ஒடஞ்சு போயிடுவான்."

மாமா மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நான்கு நாள் அதைச் சுமந்திருக்கிறார். ஓடுது ஓடுது என்று சொன்னதெல்லாம் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னது.

முத்திரை கணினியைப் போட்டு, பென் டிரைவைச் செருகி, புதிய பதிப்பை ஏற்றினார். ஆஸ்பத்திரிக் கணினி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உடனே திறந்தது. அறுநூறு வாக்கியங்களும் கட்டம் கட்டமாக வந்து நின்றன. மேலே கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வரி வந்தது. கண்கள் தெரியவில்லை, தயவுசெய்து திரையைப் பாருங்கள். அது அவரே எழுதி வைத்த வரி. அவர் அதை மூடவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அது சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் துக்கம் கேட்க வந்தபோது, புகார் புத்தகத்தில் பார்த்தேன், கையொப்பம் சரியில்லை என்று வந்ததால் தொடவில்லை என்றார். அவர் செய்தது சரிதான். அதோடு விட்டிருக்கலாம். "செஞ்சவரே நேர்ல வந்து சொல்லியிருந்தா, இந்த ஒரு மெஷினுக்கு அஞ்சு நிமிஷத்துல திறந்து விட்டிருப்பேன் சார்," என்றும் சொல்லிவிட்டுப் போனார். சான்றிதழும் வேண்டாம், சாவியும் வேண்டாம், கூரியரும் வேண்டாம். வியாழக்கிழமை மத்தியானப் பஸ் போதும். இதை முத்திரை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் கொஞ்சம் தேறியிருப்பேன்.

நர்ஸிடம் இன்னொரு காகிதமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா கண்ணாலேயே அட்டையைக் கேட்டிருக்கிறார். நெடுநேரம் கழித்து ஒரே ஒரு எழுத்து வந்தது. டே. நர்ஸ் அவசரப்பட்டு, டேபிளா, டேப்பைத் தளர்த்தணுமா என்றெல்லாம் கேட்டாளாம். இல்லை என்று கண்ணை மூடியவர் அப்படியே தூங்கிவிட்டார். மறுநாள் நினைவு இல்லை. அது என்ன சார் என்று அவள் முத்திரையிடம் கேட்டாள், தெரிந்துகொள்ளாமல் மனசு ஆறவில்லை என்றாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அவர் வேலையை விடவில்லை. மூன்று வகைக் கணினிக்கும் இன்றும் அவர்தான் அனுப்புகிறார். அந்த வரி இல்லாமல் போனால் எல்லாமே நின்றுவிடும்படி மாற்றி வைத்திருக்கிறார். முத்திரை என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. சம்பளச் சீட்டில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறோம், அவர் திரும்பிப் பார்க்க ஒரு கணம் ஆகிறது.

போன மாதம் ஒரு சாயங்காலம், ஏழு மணிக்கு யாரோ தவறான எண் என்று போனை வைத்த பிறகு, அந்த எழுத்துக்குப் பின்னால் என்ன வந்திருக்கும் என்று நான் கேட்டுவிட்டேன்.

"வேற என்ன. சாப்பிட்டியான்னுதான்," என்றார். "இல்லேன்னா, வாடான்னு. அதை நாங்க பதிவு பண்ணவே இல்ல. கூப்பிடாமலேதான் நான் போய்ட்டு இருந்தேனே."

அந்தக் குரலாவது உங்களிடம் இருக்கிறதே, உங்கள் கணினியில் திறக்கும்தானே என்று உளறினேன்.

"திறக்கும் ஹலோ மேடம். தேதி போட்டிருக்கு, இனி எப்பவும் திறக்கும்," என்றார். "நான்தான் திறக்கறதில்ல."